தேய்ந்த கொக்கி

"சயாம் காட்டுக்குள்ள போனவன் எவன் திரும்பியிருக்கான்?" என்று மலாயா ரப்பர் தோட்டமே கேட்டது. அஞ்சலை அரிசியும் கருவாடும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்!

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன அவள் புருஷன் சடையன், முகாமிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடினானாம். யுத்தம் முடிந்தும் ஆள் வரவில்லை. இருந்தால் ஆள், செத்திருந்தால் எலும்பு. ஏதாவது ஒன்று வேண்டும் அவளுக்கு. கொழுந்தன் காத்தமுத்து துணைக்கு வந்தான்.

பாழடைந்த முகாமில், எலும்புகளுக்கு நடுவே ஒரு ஜப்பான் துப்பாக்கி கிடந்தது. புலி உறுமும் காடு, காத்தமுத்து அதை விடுவானா! மரத்தைக் குறிபார்த்து விசையை இழுத்தான். விசை லேசாக வந்து பாதியில் முட்டி நின்றது. அதற்குமேல் அழுத்தினால்தான் வெடித்தது.

"என்னா அண்ணி, சண்டி மாடு மாதிரி நிக்குது!"

"நிக்கட்டுமே. சுடவான்னு கேக்குது போல."

"புலி நிக்குமா?"

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காத்தமுத்துவின் கைக்கு எதுவும் வழவழவென்று ஓட வேண்டும். கத்தி தீட்டும் கல்லை எடுத்தான். முட்டு கொஞ்சம் லேசானால் போதும் என்று, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் குத்தூசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் பல்லைத் தேய்த்தான். மிஞ்சிய தோட்டாக்களைச் சிக்கனம் பிடித்து, மறுபடி சுட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் மூங்கில் புதரில் சரசரப்பு! துப்பாக்கியைத் தூக்கினான்.

"பொறு தம்பி! என்னன்னு தெரியட்டும்!"

"சுடலை அண்ணி. முட்டுற வரைக்கும் இழுத்து வச்சிக்கிறேன்."

முட்டவே இல்லை. தேய்ந்த பல் முன்னாலேயே நழுவியது. டமார்!

"ஐயோ அம்மா!"

தமிழ்! அஞ்சலை ஓடினாள். எலும்பும் தோலுமாய், சாக்கைச் சுற்றிய ஓர் உருவம். இடது தோளில் ரத்தம்.

"சுடாதீங்க சாமி, வேலைக்கு வந்துடறேன்..."

"என்னாங்க! நான் அஞ்சலைங்க! சண்டை முடிஞ்சு போச்சுங்க!"

சடையன் அவள் முகத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு பின்னால் துப்பாக்கியோடு நின்ற காத்தமுத்துவைப் பார்த்தான்.

"ஏன்டா தம்பி, ஜப்பான்காரன் சுட்டதெல்லாம் குறி தப்பிப்போச்சு. நீ தப்ப விடலியேடா."

காத்தமுத்து துப்பாக்கியை ஆற்றில் எறிந்தான். மூங்கிலில் தூளி கட்டி, இருவருமாய்ச் சுமந்தார்கள்.

சயாமிலிருந்து ஆள் திரும்பிவிட்டான்! தோட்டத்து லயத்து வீடெல்லாம் திரண்டு ஓடி வந்தது. ஆனால் சடையனின் இடது கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் பங்கு மரங்களிலும் இப்போது காத்தமுத்துதான் பால் வெட்டுகிறான். கத்தி பட்டையில் பட்டதும் அவன் கை சற்று நிற்கும்.

"என்னடா நிக்கிற?" என்று கங்காணி அதட்டுவார்.

"நிக்கட்டுங்க" என்பான். பிறகுதான் வெட்டுவான்.