செருப்புக்குக் காவல்

அந்த வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, அண்ணன், ஸ்கேல், குட்டி.

ஸ்கேல் என்பது பத்து வயதுப் பெண். எந்நேரமும் கையில் ஓர் அடி ஸ்கேலோடு எதையாவது அளந்துகொண்டே இருப்பாள். குளியல் சோப்பு ஒரு வாரத்தில் எவ்வளவு தேய்கிறது, அண்ணனின் நாக்கு எவ்வளவு நீளம், நான்கு வயதுத் தம்பி குட்டி போன மாதத்தைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று எல்லாம் அவளுடைய நோட்டில் இருக்கும். அவளுக்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு 'உள்ளேன்' சொல்வதற்கு மட்டும் அது உதவியது.

அப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. அதுவும் சாதாரண வீடுகளுக்கு இல்லை, பெரிய பெரிய கட்டடங்களுக்கு. மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பலகை தொங்கும். அதில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, பத்தாவது மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார். கீழே நின்று பார்ப்பவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஆனால் ஏரிக்கோ கடலுக்கோ போனால் அப்பாவுக்கு ஒரே வேலைதான். கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வது.

"நீங்க போய் விளையாடுங்க. செருப்பை யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்பார்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. செருப்பு என்று இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்தானே.

கோடை விடுமுறை வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவே பேச்சை எடுத்தார்.

"நம்ம வீட்டுப் பின்பக்கத்துல ஒரு நீச்சல்குளம் வைக்கலாமா? குழியெல்லாம் தோண்ட வேண்டாம். தரைக்கு மேலயே நிக்குமாம். கடையில பார்த்தேன். மூணு பேரும் இந்த லீவுலயே நீச்சல் கத்துக்கணும்."

அண்ணன் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஆடினான். அவனுக்குப் பதின்மூன்று வயது. குட்டிக்கு மட்டும் ஒரு கவலை.

"குளத்தைக் கடையில இருந்து எப்படித் தூக்கிட்டு வருவாங்க? தண்ணி கீழ சிந்தாதா?"

அன்று மாலையே ஸ்கேல் நோட்டும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். எவ்வளவு உயரக் குளம் வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டாமா? ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"உங்களுக்குத் தண்ணி எது வரைக்கும் வேணும்?"

அண்ணன் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினான். குட்டி சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடித்துக் களைத்து வந்திருந்த அம்மா, "கழுத்து வரைக்கும். அப்படியே மிதந்துட்டே தூங்கிடுவேன்" என்றாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஸ்கேல் மட்டும் கடமையாகத் தரையில் உட்கார்ந்து அளந்தாள். நான்கு அங்குலம். அளக்கும்போது அப்பாவின் கால்விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருப்பதைப் பார்த்தாள். கிச்சுகிச்சு மூட்டுவதாக நினைத்திருப்பாரோ என்று அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். மாடியில் ஒரு பெரிய கூடம். அங்கே நான்கு குளங்களை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். வட்டமாக இரும்புக் குழாய்கள், அவற்றில் மாட்டிய தடித்த நீலத் தார்ப்பாய், ஏறி இறங்க ஓர் ஏணி. எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"உள்ள இறங்கிப் பாருங்க. செருப்பை மட்டும் கழட்டிடுங்க" என்றார் கடைக்காரர்.

அண்ணன் ஏணியில் ஏறிக் குதித்தான். குட்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு கைகாலை அடித்து நீந்தினான். "தண்ணி ரொம்ப சில்லுனு இருக்கு" என்றான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஸ்கேல் சுவரை அளந்தாள். நான்கு அடி. தண்ணீர் மூன்றரை அடி நிற்கும். அவளுக்கு நெஞ்சு வரை வரும். குட்டி மிதவை வளையம் போட்டுக்கொண்டு அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அப்பா, நீங்களும் வாங்க. எவ்வளவு இடம் இருக்கு பாருங்க" என்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டும் கண்ணு. நான் இங்கயே இருக்கேன்."

ஸ்கேல் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அப்பா குளத்திலிருந்து ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். கையில் நான்கு ஜோடிச் செருப்பு.

அது கடை. மாடி. அங்கே செருப்பைத் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லை. குளத்தில் தண்ணீரும் இல்லை. அப்படியும் அப்பா இறங்கவில்லை.

அவளுக்கு எல்லாச் செருப்பும், எல்லா ஏரியும், எல்லாக் கடலும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன.

அந்தக் குளத்தையே வாங்கினார்கள். அட்டைப்பெட்டியில் மடங்கி வந்தது. தண்ணீர் சிந்தாத ரகசியம் குட்டிக்கும் விளங்கியது.

மறுநாள் அப்பா பின்பக்கம் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்கேல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தண்ணின்னா பயமா?"

அப்பா தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பெயிண்ட் எப்போதோ போய்விட்டது.

"எட்டு வயசுல ஒரு குளத்துல வழுக்கி விழுந்துட்டேன். யாரோ முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டாங்க. அதுல இருந்து தண்ணி முழங்காலைத் தொட்டா எனக்கு மூச்சு முட்டும். அதனாலதான் நீங்க மூணு பேரும் சின்ன வயசுலயே கத்துக்கணும்னு பார்க்கறேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதே, கேலி பண்ணுவான்."

"ஆனா பத்தாவது மாடியில தொங்கறீங்களே?"

"எடுத்த எடுப்புல பத்தாவது மாடியா? மொத நாள் எங்க மேஸ்திரி என்னை நாற்காலி உயரத்துக்குத்தான் தூக்கினாரு. அதுக்கே பலகையை இறுகப் பிடிச்சுக்கிட்டேன். மறுநாள் ஒரு மாடி. அடுத்த வாரம் ரெண்டாவது. கயித்தை என் கையில குடுத்துட்டாரு. 'ஒரு இழுப்பு இழுத்தா நிறுத்திடுவேன். ரெண்டு இழுப்பு இழுத்தா ஏத்துவேன். நீ இழுக்காம ஒரு அங்குலம்கூட ஏத்த மாட்டேன்'னு சொன்னாரு. சொன்னபடியே செஞ்சாரு. அதுல பயம் போயிடுச்சு."

அண்ணனிடம் சொல்ல மாட்டேன் என்று ஸ்கேல் வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த நான்கு அங்குலத்தை நினைத்துக்கொண்டே எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை குளத்தை நிறுத்தினார்கள். அப்பா வேலையில் சுத்தம். ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்து, தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, மண்ணைச் செதுக்கிச் சரிசெய்து, ஒரு குழாய்கூடச் சாயாமல் மாட்டினார். அண்ணன் குழாயடிக்கு ஓடினான்.

"இப்ப திறந்துவிட்டா காலையில ரொம்பிடும். நாளைக்கு என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க."

"சரி, நீங்க எல்லாரும் காலையில இறங்குங்க" என்றார் அப்பா. "பக்கத்து வீட்டு நாய்க்குட்டி செருப்பைக் கண்டா விடாது. நான் வெளிய இருந்து பார்த்துக்கறேன்."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "கண்ணை மூடிக்கிட்டு ஒரு முங்கு போட்டுடுங்க. ஊசி மாதிரிதான். கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அப்பா சிரித்து மழுப்பினார். ஸ்கேல் அண்ணனைத் தேடிப் போனாள். குழாய் வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. அங்கிருந்து குளம் தெரியாது.

"அண்ணா, இப்ப ரொப்பாதே. நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ரொப்பலாம். ரெண்டு நாள் ஆகட்டும்."

"ரெண்டு நாளா? எதுக்கு?"

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. "காரணம் சொல்ல முடியாது" என்றாள்.

அண்ணன் குழாயின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. திறக்கவும் இல்லை.

"அப்பாவுக்காகவா?" என்றான் மெதுவாக.

ஸ்கேல் திகைத்துப் போனாள். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஏழு வயசு இருக்கும்போதே தெரியும். ஏரியில ஒரு அலை வந்துச்சு. அப்பா பின்னாடி ஓடினாரு. ஓடிட்டு, செருப்பு நனையுதுன்னு சொன்னாரு. கையில இருந்த செருப்பு எப்படி நனையும்?" அண்ணன் காலால் மண்ணைக் கிளறினான். "நான் யார்கிட்டயும் சொல்லலை."

அண்ணன் எதைத்தான் கேலி செய்யாமல் விட்டிருக்கிறான்? இதை மட்டும் ஆறு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். ஸ்கேலுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அண்ணனாயிற்றே. முதுகில் ஒரு குத்து மட்டும் விட்டாள்.

"செவ்வாய்க்கிழமை வாங்கடான்னு சொல்லிடறேன்" என்றான் அவன்.

சனிக்கிழமை காலை ஸ்கேல் அப்பாவின் கையைப் பிடித்துக் குளத்தருகே கூட்டி வந்தாள். உள்ளே தரையை மூடிக் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

"நாலு அங்குலம்தான். அளந்துட்டேன். நீங்க கேட்ட அளவு."

பிறகு ஒரு பழைய கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தாள். கயிறு குளத்துச் சுவரைத் தாண்டி, வீட்டு மூலையைச் சுற்றிப் போய் மறைந்தது.

"அந்தப் பக்கம் குழாய்கிட்ட அண்ணன் நிக்கிறான். ஒரு இழுப்பு இழுத்தா நிறுத்திடுவான். ரெண்டு இழுப்பு இழுத்தா திறப்பான். நீங்க இழுக்காம ஒரு அங்குலம்கூட ஏத்த மாட்டோம்."

அப்பா கயிற்றைப் பார்த்தார். ஸ்கேலைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. செருப்பைக் கழற்றினார். ஏணியில் ஏறி உள்ளே இறங்கினார்.

கணுக்கால் தண்ணீரில் குட்டி அவரைச் சுற்றிச் சுற்றி ஓடி எல்லோர் முகத்திலும் தண்ணீரை வாரி இறைத்தான். அரை மணி நேரம் கழித்து அப்பா கயிற்றை இரண்டு முறை இழுத்தார். குழாயில் மாட்டிய ரப்பர் டியூப் வழியாகத் தண்ணீர் சலசலவென்று வந்தது.

முழங்காலை நெருங்கியதும் அப்பாவின் முகம் வெளுத்தது. கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். தண்ணீர் உடனே நின்றது. ஒரு சொட்டுக்கூட அதிகம் வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றார் அப்பா, நம்ப முடியாதவர் போல.

"நிக்கும்பா" என்றாள் ஸ்கேல்.

அந்த முழங்கால் தண்ணீரிலேயே மதியம் வரை இருந்தார்கள். யாரும் 'ம், ஏத்துங்க' என்று சொல்லவில்லை. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, இதுவே போதும் என்றாள். அண்ணன் மட்டும் மூலைக்கு அந்தப் பக்கமிருந்து, "யாராவது எனக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க" என்று கத்தினான். குழாயில் கை வைத்துக்கொண்டே தண்ணீர் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

மாலையில் தொடை வரை. அதோடு அன்றைக்குப் போதும் என்று அப்பா சொன்னார். அம்மா ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே அப்பா முதல் ஆளாக இறங்கினார். இரண்டு இழுப்பு. சிறிது நேரம் கழித்து ஒன்று. பிறகு மறுபடி இரண்டு. இடுப்பு வந்தபோது ஸ்கேலின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். வலித்தது. அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிடி தளர்ந்தது.

பிற்பகலில் குழாயடியில் நின்ற அண்ணன் ஓர் இழுப்புக்காகக் காத்திருந்தான். வெகுநேரமாக எதுவும் வரவில்லை. கயிறு தொளதொளவென்று கிடந்தது. பயந்துபோய் மூலையைச் சுற்றி ஓடி வந்தான்.

தண்ணீர் குளத்தின் மேல் கோட்டைத் தொட்டிருந்தது. கயிறு ஓரமாக மிதந்துகொண்டிருந்தது. அப்பா இரண்டு கைகளாலும் வளையத்தோடு குட்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்து போய்க்கொண்டிருந்தார். குட்டி கப்பல் போலக் கூவினான்.

"அப்பா, நிறுத்தவா?" என்று கேட்டான் அண்ணன்.

அப்பா அப்போதுதான் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். இடுப்பைத் தாண்டியிருந்தது. மூச்சை இழுத்து விட்டார். மூச்சு முட்டவில்லை.

"நிறுத்திட்டு நீயும் வாடா. உன் தங்கச்சி எனக்கு மேஸ்திரி ஆயிட்டா" என்றார்.

அண்ணன் ஓடிப் போய்க் குழாயை மூடிவிட்டு வந்து, செருப்பை உதறிவிட்டு ஏணியில் ஏறினான். ஐந்து பேரும் இறங்கியதில் தண்ணீர் இரண்டு அங்குலம் உயர்ந்தது என்று ஸ்கேல் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவள் மறுபடி அளந்து காட்டினாள்.

குளத்துக்கு வெளியே ஐந்து ஜோடிச் செருப்புகள் வெயிலில் கிடந்தன. பக்கத்து வீட்டு நாய்க்குட்டி வேலிக்கு அடியில் நுழைந்து வந்தது. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, அப்பாவின் இடது கால் செருப்பைக் கவ்விக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது.

தடுப்பதற்குத்தான் காவலுக்கு யாரும் இல்லையே.