பத்தொன்பது விழுக்காடு

காலை ஆறரை மணிக்கு மதுரை டென்னிஸ் வளாகத்தில் ஒருத்தியும் மட்டையைத் தொடவில்லை. தரவரிசையில் முன்னூறைத் தாண்டியவர்கள் எல்லாரும் கணிப்பறை வாசலில் வரிசைகட்டி, கைப்பட்டை மாட்டிய கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு ஆட்டம் உண்டா இல்லையா என்று கணிப்பான் என்கிற எந்திரம் சொல்ல வேண்டும்.

வெல்லும் வாய்ப்பு பத்து விழுக்காட்டுக்குக் குறைந்தால் களம் கிடையாது. 'ஆடாத் தோல்வி' என்று பதிவாகும், பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். நேரம் மிச்சம், நடுவர் மிச்சம் என்று சங்கம் கொண்டுவந்த சட்டம். முதல் முன்னூறு பேருக்கு இந்தச் சட்டம் இல்லை. இருக்குமா பின்னே?

நானூற்றுப் பன்னிரண்டாம் இடத்து முத்துப்பேச்சிக்கு இந்த ஆண்டில் பதினான்கு ஆடாத் தோல்விகள். பதினைந்தானால் பட்டியலில் பெயரே இருக்காது.

அவள் கையை நீட்டினாள். பத்தொன்பது என்றது பட்டை.

"ஏய் பேச்சி, நேத்து பதினொண்ணுதானடி! அப்படி என்னத்தத் தின்ன?" என்று பின்னால் நின்ற நிவாஷினி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பேச்சி சிரிக்கவில்லை. பட்டையில் எண்ணை மறுபடி பார்த்தாள்.

கணிப்பானுக்குத் தெரிந்ததெல்லாம் காமிரா கண்டதும் பயிற்றுநர் பதிந்ததும்தான். முள்ளக்காட்டில் காலியாகக் கிடந்த உப்புக் கிடங்கில் காமிரா இல்லை. அங்கேதான் இரண்டு வருடமாக அந்த இடக்கை அடியை அவள் பழகினாள். வலக்கைக்காரியான அவள், எதிராளி ஓடத் தொடங்கிய நொடியில் மட்டையைக் கை மாற்றி, பந்தை வலையோரமாக உதிர்த்துவிடுவாள். எந்தப் போட்டியிலும் அதை எடுத்ததில்லை. இன்றைக்கு எடுப்பதாக இருந்தாள்.

ஒரே இரவில் எட்டு ஏறியிருக்கிறதென்றால் கணிப்பானுக்கு அது தெரிந்துவிட்டது. கணிப்பானுக்குத் தெரிந்தது எதிராளிக்கும் போகும், அதற்குப் பெயர் சமவாய்ப்பு. இன்றைய எதிராளி புனேக்காரி ரிதுஜா இந்நேரம் கணிப்பான் உருவாக்கிய பேச்சியின் நிழலுருவோடு ஆடி, அந்த அடிக்கு எங்கே நிற்பதென்று பழகியிருப்பாள்.

கிடங்கில் பந்து பொறுக்கியது ஒரே ஆள், அவள் பயிற்றுநர்.

ஜெபசெல்வி உணவுக்கூடத்தில் இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, இடக்கை அடியப் பதிஞ்சீங்களா?"

"பத்தொம்பதா ஏறியிருக்குல்லா? சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு..."

"பதிஞ்சீங்களா?"

"பதினொண்ணு காலைல ஒம்பதா எறங்கியிருந்தா என்னட்டி செய்வ? உனக்காவத்தான் பதிஞ்சேன்."

பேச்சி நம்பியும் இருப்பாள். ஆனால் அக்காவின் கைப்பட்டை நீலமாக இருந்தது. தேசிய முகாமுக்குப் போகிறவர்களின் நிறம். பயிற்றுநருக்குப் பதவி உயர்வு தருவது ஆட்டக்காரியின் வெற்றியல்ல, அவள் கணிப்பு ஏறுவது. நேற்று மாலைவரை அது மஞ்சள்.

"எனக்காவன்னா இது ஏன் நீலமாச்சு?"

ஜெபசெல்வி சட்டைக் கையை இழுத்துவிட்டாள். "எனக்கும் வயசாவுது பேச்சி. எத்தன நாளைக்குக் கெடங்குல பந்து பொறுக்கச் சொல்லுத?"

"கேட்டிருந்தா அந்த அடிய நானே தூக்கிக் குடுத்திருப்பேன். ஒரு வார்த்த கேட்டியா நீ?"

ஆறு வருடத்தில் முதல்முறை 'நீ'. இரண்டு பேருக்குமே அது உறைத்தது.

பேச்சி நேராகப் பதிவு மேசைக்குப் போனாள். "என் பயிற்றுநர் பேர எடுத்துருங்க."

மேசைப்பெண் திரையைத் தட்டிவிட்டுத் தயங்கினாள். "அவங்க களத்தோரம் உக்காரலன்னா ஒம்பது காட்டுதுக்கா. ஆட்டம் கெடையாது, பதினஞ்சாவது ஆடாத் தோல்வியாயிரும். உறுதி பண்ணவா?"

பின்னாலேயே ஓடி வந்த ஜெபசெல்விக்கு மூச்சு வாங்கியது. "ஏட்டி கிறுக்கி, ஒன்னரை மணி நேரம் என் மூஞ்சியப் பொறுத்துக்க. ஆடி முடிச்சிட்டு வந்து செருப்பால அடி. வாங்கிக்கிடுதேன்."

ஒன்பது. இந்தப் பொம்பளை தனக்குப் பத்து விழுக்காடு. பொய்யில்லைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பி இவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஆடியவள் பேச்சி. இன்றைக்கும் பார்ப்பாள் என்று கணிப்பான் நம்பிக்கொண்டிருந்தது. நடந்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை.

"அது நேத்தைய கணக்குமா," என்றாள் பேச்சி. "உறுதி பண்ணு."

வெளியே நான்காம் களத்தோரம் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த ரிதுஜா தன் கைப்பட்டையில் 'ஆட்டமில்லை' என்று வந்ததைப் பார்த்தாள். நிமிர்ந்து, யாரிடமாவது கேட்கலாமா என்பதுபோல் சுற்றிலும் தேடினாள். பிறகு நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.