பினாங்குப் பார்சல்

"செத்தவன் பார்சல் அனுப்புவானுங்களா?" என்று கேட்டபடி, துணியில் தைத்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள் முத்தாத்தாள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் பாலக்காட்டுக்கு வந்திருந்தாள். பினாங்கில் வேலை பார்த்த அவள் மகன் மாரப்பன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து இரண்டு வாரமாகிறது. பார்சல் வந்தது நேற்று; இன்னும் பிரிக்கவில்லை.

"தந்திய வாங்கியாந்தது பங்காளி அர்த்தநாரிங்க. நாளைக்குக் கருமாதின்னு நிக்கறான். எங்க தோட்டத்து மேல அவனுக்குக் கண்ணு. எம்பையன் உசுரோட இருக்கறான்னு நீங்க ஊட்டுக்கு வந்து சொல்லோணுமுங்க."

துப்பறிவாளர் குருசாமி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். மாரப்பன் கையெழுத்துதான் என்று அவள் சத்தியம் செய்தாள். தபால் முத்திரைத் தேதி ஈரத்தில் கரைந்திருந்தது. உதவியாளன் பொன்ராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தந்தி பொய் சார். அர்த்தநாரியைப் பிடிச்சா போதும்."

அப்படியே இருந்துவிடக் கூடாதா என்றுதான் குருசாமிக்கும் இருந்தது.

கொழிஞ்சாம்பாறை வீட்டு வாசலில் அர்த்தநாரி தலைகுனிந்து நின்றிருந்தான். மாரப்பன் மனைவி சுப்பாத்தாள் தொட்டிலருகிலிருந்து எழுந்து வந்து தையலைப் பிரித்தாள். பஞ்சுக்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். வேறொன்றுமில்லை.

"குழந்தை பிறந்தது அவருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் குருசாமி.

"ஏர் மெயில்ல எழுதுனோமுங்க. உடனே பதில் போட்டாரு. பேரு கூடச் சொல்லியிருந்தாரு."

குருசாமி ஒரு வளையலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பஞ்சில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை பிறந்தது தெரிஞ்ச தகப்பன், அதுக்கு ஒரு சட்டையாவது வைக்காம வளையல் மட்டும் அனுப்புவானா? இது வளைகாப்புக்கு அனுப்பினது. கடிதம் விமானத்துல வந்துடும். பார்சல் கப்பல்ல ஏறி, துறைமுகம் துறைமுகமா நின்னு, சுங்கத்துல கிடந்து வரணும். முன்னால புறப்பட்டது பின்னால வந்திருக்கு. வர்ற வழியில தந்தி ஆபீஸ்லயும் கேட்டேன். தந்தி பினாங்கிலிருந்து வந்ததுதான். அர்த்தநாரி மேல தப்பில்லைங்கம்மா."

முத்தாத்தாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்ராஜால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"வளைகாப்பன்னிக்குப் பொழுதுக்கும் தபால்காரர எதிர்பாத்துட்டு இருந்தேனுங்க" என்றாள் சுப்பாத்தாள். பிறகு மாமியாரிடம் கையை நீட்டினாள்.

"நாளைக்கு எப்படியும் எல்லாத்தையும் ஒடைக்கத்தானுங்க போறாங்க. இன்னிக்கு ஒரு நா இதப் போட்டுக்கறனுங்க அத்தை."

முத்தாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டாள்.