மொழிபெயர்க்க வந்தவர்

பேர்பெச்சுவா மூச்சு விடாமல் பத்து வசனம் சொன்னாள். பக்கத்துக் கதிரையில் இருந்த அல்பேர்ட் அண்ணை அதை ஜெர்மனில் ஒரே வசனமாகச் சொல்லி முடித்தார்.

ஜெர்மன்காரர் சுருக்கமாகப் பேசுகிறவர்களோ! ஒரு சொல்லையே முழ நீளத்துக்கு இழுப்பவர்கள். அவளுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் படித்த மனுசன், சுருக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கார்த்திகை. வுப்பர்டாலில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே இருட்டத் தொடங்கியிருந்தது. ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் போகும்போதெல்லாம் மூன்றாம் மாடி யன்னல் கண்ணாடி மெல்ல நடுங்க, ஹீட்டருக்குள் டக், டக்கென்று யாரோ விரலால் சுண்டுவதுபோல் கேட்க, ஈரக் கோட்டுகளின் வாடையும் ஆறிப்போன கோப்பி வாடையும் அண்ணை பூசியிருந்த ஓடிக்கொலோன் வாசமுமாக லோயர் யூலியாவின் அறை மூச்சை அடைத்தது.

மேசையில் ஒரு மனு கிடந்தது. அவள் சொல்வதைக் கேட்டு எழுதி முடித்ததும் அவள் கையெழுத்து வைக்க வேண்டும். இன்றைக்கே அது நீதிமன்றத்துக்குப் போனால், நாளைக்கே பிள்ளை அவளோடுதான் என்று கட்டளை வாங்கலாம். அதுவரைக்கும் அவள் புருசன் பீலிக்ஸ், நாலு வயது லிசாவின் தகப்பன். எந்த வாசலிலும் போய் நின்று பிள்ளையைக் கேட்டு வாங்கலாம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் விடுதிக்கு ஓடிவந்து ஒன்பது நாள். தமிழ் தெரிந்த உத்தியோக மொழிபெயர்ப்பாளர் வர மூன்று கிழமை செல்லும் என்றார்கள். சேர்ச்சில் பாட்டுப் படிக்கிற, ஊர்ச் சனத்தின் விசாக் கடிதம் எல்லாம் வாசித்துக் கொடுக்கிற அல்பேர்ட் அண்ணை இருக்கிறாரே என்று சொன்னது அவள்தான். நம்பலாமா என்று விடுதிக்காரி கேட்டபோது, ஓம் என்று தலையாட்டியதும் அவள்தான். வீட்டு விசயத்தை முன்பின் தெரியாத ஒருவனுக்கு முன்னால் அவிழ்த்துப்போட யாருக்கு மனம் வரும்?

"தங்கச்சி, லோயர் கேக்கிறா. பிள்ளை இப்ப எந்தக் கின்டர்கார்டனில?"

"இந்த றோட்டு முடியிற இடத்திலை, மஞ்சள் கட்டடம் அண்ணை. நாலரைக்குள்ள போய்க் கூட்டவேணும்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். லோயர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் வாயே திறக்கவில்லை.

"ஒரு நிமிசம், வாறன்" என்று அண்ணை எழும்பி வெளியே போனார். புகைக் கண்ணாடிக் கதவில் அவருடைய நிழல் விழுந்தது. ஒரு கை காதோடு இருந்தது. வெளியே மேசையில் ரெலிபோன் இருந்ததை வரும்போது கண்டிருந்தாள். மனுசிக்கு எடுக்கிறாராக்கும். வேறு யாருக்கு எடுக்கப்போகிறார்?

அவர் சிரித்த முகத்தோடு வந்து இருந்தார். "சொல்லுங்கோ தங்கச்சி. ஒண்டையும் மறையாதேங்கோ."

"போன தை மாதம்..." என்று தொடங்கி நிறுத்தினாள். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் அவர் பேசத் தொடங்கிவிட்டார். மளமளவென்று, "நான், நான்" என்று அவளுக்குப் பதிலாகப் பேசினார். அவளுடைய சீவியம் அவர் வாயிலிருந்து ஓடிக்கொலோன் வாசத்தோடு வந்துகொண்டிருந்தது.

பல்கோன், என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பல்கணி. அதை அவள் இன்னும் சொல்லவில்லை. விடுதியில் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. உள்பாவாடையோடு பனியில் நின்ற அரை மணித்தியாலம். அது அவளுக்குத் தெரியும். கதவைப் பூட்டியவனுக்குத் தெரியும்.

இவருக்கு?

லோயர் பேனையை வைத்தார். அண்ணை தன் நெற்றியில் விரலால் மெல்லத் தட்டி, உதட்டைப் பிதுக்கினார். லோயர் அவளைப் பார்த்த பார்வை மாறியது. ஐயோ, பைத்தியம் என்கிறார். தானே கதவைத் திறந்து பனிக்குள் இறங்கினாள் என்கிறார்.

ரயில் போனது. கண்ணாடி நடுங்கியது. மணி நாலு பத்து.

"வாயைத் திறந்தா சனம் சிரிக்கும்." ஐந்து வருடமாகப் பீலிக்ஸ் சொல்லி வந்தது. ஜெர்மன் கேட்டால் பாதி விளங்கும்; பேச வாய் திறந்தால் அறை. கடையில் பாண் கேட்டதற்கும் அறை. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவளாக.

அவள் எழும்பினாள்.

"நைன்! இல்லை!"

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். பிறகு தட்டுத் தடுமாறி, உடைந்த ஜெர்மனில் கொட்டினாள். இவர் பொய் சொல்கிறார். என் புருசன் எனக்கு அடிக்கிறவன். அவன்தான் பூட்டினவன். இவர் அவனுடைய ஆள்.

லோயர் சிரிக்கவில்லை. அண்ணைக்குக் கதவைக் காட்டினார். மனுவை அவள் பக்கம் திருப்பி, இரண்டாம் பக்கத்தைக் கிழித்துப்போட்டு, "நீங்களே சொல்லுங்கள், மெதுவாக" என்றார். அது அவளுக்கு விளங்கியது. பிழை பிழையாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக் கையெழுத்தையும் வைத்தாள். அப்பாடா! ஐந்து வருடத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

அல்பேர்ட் அண்ணை போகவில்லை. கதவடியில் நின்று கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அவசரம் இல்லை.

"வைச்சிட்டியளோ? நல்லது. யன்னலாலை ஒருக்காப் பாருங்கோ, தங்கச்சி."

போகாதே என்றது மனம். கால் போனது.

கீழே மஞ்சள் விளக்கு. பனி. பீலிக்ஸ். அத்தனை யன்னல்களில் இந்த யன்னலை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் லிசா.

கூப்பிடவில்லை அவன். குனிந்து, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினான். ஆட்டினான். உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, மேலும் கீழும்.

வா.

லிசா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அந்தச் சின்னக் கை ஆடிக்கொண்டேயிருந்தது.

வா. வா. வா.