ஆன்சி வைத்த தேர்வு

சனிக்கிழமை காலைகளில் குளச்சல் அரசுப் பள்ளியில் பெற்றோர்தான் பெஞ்சில் உட்காருவார்கள். பாடம் நடத்துவது பிள்ளைகள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நம் மொழியைப் பழக்கினால் போதாது, அதன் மொழியை வீட்டாரும் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தேர்வும் உண்டு.

படகோட்டி ததேயுஸ் அதில் இரண்டு முறை தோற்றவன். அவன் மகள் ஆன்சிக்கு ஒன்பது வயது. வாய்ப்பேச்சு கிடையாது. அவள் மணிக்கட்டில் இருக்கும் உணர்பட்டை அவளுடைய முனகலையும் அசைவையும் படித்து அவன் காதில் சொல்லும். அதுவும் பசி, தூக்கம், வலி வரைக்கும்தான். கரையைத் தாண்டினால் சிக்னல் இல்லை. அதனால் மொழித் தேர்வில் தேறாதவர்கள் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது. ததேயுஸுக்கோ, அவளைப் படகின் முன்முனையில், அணியத்தில், உட்காரவைத்துப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை.

இது மூன்றாவது முறை. ஷைலஜா டீச்சர் ஆன்சியின் பட்டையைக் கழற்றி, ஒரு பச்சை வில்லையோடு மேசையில் வைத்தார். "கேளுங்கண்ணே. நீங்க புரிஞ்சுகிட்டது சரின்னா அவளே இந்தப் பச்சை வில்லையைத் தருவா."

"மக்களே, அப்பாகூட படகுல வாறியா?"

ஆன்சி மெல்ல முனகினாள். அவனுடைய உள்ளங்கையை இழுத்துத் தன் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். போன இரண்டு முறையும் இதையேதான் செய்தாள். 'கொஞ்சுறா, வாறேன்னு சொல்லுகா' என்று அவனும் பூரித்துப்போய்ச் சொன்னான். வில்லை கிடைக்கவில்லை.

இப்போதும் அதே சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் விரல்கள் இறுகிக்கொண்டே போயின. வீட்டில் மிக்ஸி ஓடும்போதும் இப்படித்தான் ஓடிவந்து ஒட்டிக்கொள்வாள். அதையும் கொஞ்சல் என்றே நினைத்திருந்தான்.

"வரல்லன்னு சொல்லுகா டீச்சர்." அவள் காதிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான். "எஞ்சின் சத்தம் அவளுக்கு ஆகாது."

ஆன்சி பச்சை வில்லையை எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"பாஸ்! இனி எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போகலாம்" என்றார் டீச்சர்.

"கடலத் தவிர." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

பள்ளி வாசலில் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "உனக்கு எங்க போகணும் மக்களே?" இதுவரை அவளிடம் கேட்டதே இல்லாத கேள்வி.

அவள் மதில் சுவரைப் பார்த்தபடி முனகினாள், இரண்டு கைகளையும் உதறினாள். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"தெரியல்ல மக்களே. இன்னொரு தடவ சொல்லு."

ஆன்சி அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்று, முன்னைவிட நிதானமாக மறுபடி சொன்னாள்.