அழுதது யார்?

வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்க ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள்.

அவள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்ப வரலாற்றை எழுத வேண்டும். "முதல்ல வீட்டுல இருக்கிற பழைய போட்டோவை எடுங்க. அதுல யார் யாருன்னு கேளுங்க. ஒருத்தர் சொன்னதோட விட்டுடாதீங்க, இன்னொருத்தர்கிட்டயும் கேளுங்க" என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

வாயாடிக்குக் கிடைத்தது ஒரே ஒரு போட்டோ. ஒரே துணியில் தைத்த சட்டை போட்ட இரண்டு பையன்கள். ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். மற்றவன் வாயைப் பிளந்து அழுகிறான்.

அப்பா தன் சைக்கிள் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே போட்டோவை எட்டிப் பார்த்தார்.

"சிரிக்கிறது நான். அந்த அழுமூஞ்சி உன் பெரியப்பா."

இனி பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை இது. பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் அடிப்பது என்று போன வருடம் சண்டை வந்தது. பெரியப்பா தனிக்கடை போட்டுவிட்டார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. வாயாடிக்கு அது பெரிய குறை. அவள் போடும் விடுகதைக்கெல்லாம் விடை தெரியாத மாதிரி நடிக்கிறவர் பெரியப்பா ஒருவர்தான்.

அப்பாவின் போனை எடுத்து அவளே கூப்பிட்டாள்.

"பெரியப்பா, நான்தான். அந்தப் பழைய போட்டோவுல அழறது நீங்களா?"

"யாரு சொன்னது? சிரிக்கிறது நான். அழறது உங்கப்பன்!"

வாயாடி முழித்தாள். இப்படிக் கேட்டால் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கப் போவதில்லை. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள்.

"சரி, அப்பா எதுக்கு அழுதாரு?"

"நான் மாமா வீட்டுல தங்கிப் படிக்கக் கிளம்பின நாள் அது. அண்ணன்கூட நானும் போவேன்னு ஒரே அழுகை."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, பெரியப்பா எதுக்கு அழுதாரு?"

"மாமா வீட்டுக்குக் கிளம்பினான்ல? தம்பிய விட்டுட்டுப் போகமாட்டேன்னு அழுதான்."

சொல்லிவிட்டு அப்பா ட்யூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போட்டோவைப் பார்த்தார்.

வாயாடி அதை அப்படியே போனில் சொன்னாள்.

"அவனா சொன்னான்?" பெரியப்பாவின் குரல் இறங்கியது. "இன்னும் ஞாபகம் வச்சிருக்கானா?"

"நான் நாளைக்கு எழுதிக் கொடுக்கணும். யாரு அழுதாங்கன்னு நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணுங்க."

போனை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"அண்ணே... அழுதது நீதானே?"

அந்தப் பக்கம் பெரியப்பா போட்ட சத்தம் வாயாடிக்கே கேட்டது. அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளை வாங்கிப்போக வந்தவர் பக்கத்திலேயே நின்றார். அப்பா கவனிக்கவே இல்லை. யார் அழுதது என்பது மட்டும் முடிவாகிற மாதிரி தெரியவில்லை. அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சைக்கிள்காரரின் போனை இரவல் வாங்கி, அண்ணனை மறுபடியும் கூப்பிட்டார்.