விழ மாட்டார் கிரேன்காரர்!

“ஐயோ... அப்பா விழுந்துட்டாரே! யாராவது ஓடி வாங்களேன்!”

அந்த அலறலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது.

மாடிப்படியின் கீழே கோணலாகக் கிடந்த கிரேன்காரருக்கும் அது துல்லியமாகக் கேட்டது. அலறியது அவருடைய ஒரே மகள்.

அவரைத் தள்ளிவிட்டதும் அவள்தான்!

சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார். நாக்கு புரளவில்லை. கையைத் தூக்கப் பார்த்தார். அது யாருடைய கையோ என்பது போலக் கிடந்தது.

மறுநாள் பகல் பதினொரு மணி. மருத்துவமனையில் ஒரு தனி அறை.

“காது கேக்கும். புத்தியும் தெளிவா இருக்கு. இப்போதைக்கு இமை மட்டும்தான் அசையும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கட்டிலில் கிடந்தவர் முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எண்பது அடி உயரத்தில் வேலை. ஒருநாள் கூடக் கால் இடறியதில்லை. எழுபத்தொன்றாவது வயதில், சொந்த வீட்டுச் சமையலறையில் விழ ஆரம்பித்தார்!

மூன்று மாதப் பயிற்சியில் அவரை நிமிர்த்தியவள் சுவரோரம் அழுதுகொண்டு நின்றாள். பிசியோதெரபிஸ்ட்.

எதிரே இன்ஸ்பெக்டர். தலைமாட்டில் மகள்.

“நேத்து இவரை நிக்க வெச்சியே, அந்த மிஷின் என்னம்மா பண்ணும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஒரு பலகை சார். அது மேல வெறுங்காலோட, முட்டியை லேசா மடக்கி நிக்கணும். பலகை அதிரும். விழாம நிக்கக் காலும் இடுப்பும் தன்னால பழகிக்கும்.”

“மிக்ஸி மேல நிக்கிற மாதிரியா?”

“அவ்வளவு வேகம் இல்ல சார்! நேத்து ரெண்டு நிமிஷம் நின்னாரு. அப்புறம் பத்து நிமிஷம் உக்கார வெச்சுதான் அனுப்பினேன்.”

“பொய்!” மகள் பாய்ந்தாள். “வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கா சார் இவ! அப்பா வரும்போதே தலை சுத்துதுன்னாரு. மாடியிலேர்ந்து இறங்கறப்ப தள்ளாடி விழுந்தாரு. என் கண்ணால பாத்தேன்!”

அடிப்பாவி! என்று மனசுக்குள் கத்தினார் கிரேன்காரர்.

தலை சுற்றலாவது ஒன்றாவது! தடுமாறிய நாட்களில்தான், வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். நேற்று நேராக நடந்து வந்தார். “நான் எங்கேயும் போகலம்மா... இனி என்னை நானே பாத்துக்குவேன்” என்று சிரித்தார். ஒரு மணி நேரத்தில் படியில் உருண்டார்.

“பெரியவரே...” இன்ஸ்பெக்டர் குனிந்தார். “ஆமான்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. மிஷின்ல நின்னதாலதான் விழுந்தீங்களா?”

உயிரையெல்லாம் இமைக்குக் கொண்டுவந்தார் கிரேன்காரர்.

ஒன்று... இரண்டு!

“பாத்தீங்களா சார்! இல்லைங்கறாரு!” பிசியோ கத்தினாள்.

“அது கண்ணு கூசுது சார்” என்றாள் மகள், நொடி கூடத் தாமதிக்காமல். “காலையிலேர்ந்து சும்மா படபடன்னு அடிச்சுக்கறாரு. பாவம்... வெளிச்சம் ஆகல.”

ஈரத்துணி ஒன்றை நாலாய் மடித்தாள். தகப்பனின் கண்கள் மேல் பக்குவமாக வைத்தாள்.

இருட்டு!

எண்பது அடி உயரத்தில், புயற்காற்றில் கூட வராத பயம் அப்போது வந்தது. துணி கனமே இல்லை. ஒரு சின்னக் குழந்தை ஊதினால் விழுந்துவிடும். அவரால் முடியவில்லை. அந்தப் பிசியோ பெண் ஜெயிலுக்குப் போகப்போகிறாள். காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அவர். அவருக்கோ சொந்த முகத்து ஈயை ஓட்ட வக்கில்லை.

“சரி, கிளம்பும்மா” என்றது இன்ஸ்பெக்டரின் குரல். “கீழ வண்டியில லேடி கான்ஸ்டபிள் இருக்காங்க.”

“சார்... சார், ஒரு நிமிஷம்!” பிசியோவின் குரல் உடைந்தது. “தினமும் முடியறப்ப அவர் பின்னாடி நின்னு லேசா தள்ளிப் பாப்பேன் சார். அதுதான் எங்க பரிட்சை. மூணு மாசம் முன்னாடி என் கையிலயே சாஞ்சாரு. இப்ப ஒரு காலை எடுத்து வெச்சு ஜம்முனு நின்னுடறாரு. நேத்தும் நின்னாரு. ஒரு தள்ளுக்கெல்லாம் விழற ஆளே இல்ல சார் அவரு!”

“ஆமா... பெரிய வைத்தியம்!” மகள் ஆத்திரத்தில் சீறினாள். “ரெண்டாவது தள்ளுக்கு விழுந்துட்டாரே! அப்ப எங்க போச்சு உன் வைத்தியம்?”

கதவுப் பக்கம் போன பூட்ஸ் சத்தம் சட்டென நின்றது.



“ரெண்டாவது தள்ளா?” என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

உண்மைதான். முதல் தள்ளுக்குக் கிரேன்காரர் விழவில்லை. முட்டி மடங்கியது. கால்விரல்கள் படியைக் கவ்விக்கொண்டன. நின்றுவிட்டார்! மகள் தெரியாமல் இடித்துவிட்டாள் என்றே நினைத்தார். திரும்பி, பெருமை தாங்காமல், “பாத்தியாம்மா... எப்படி நின்னேன்!” என்றார்.

அப்போதுதான் அவள் இரண்டு கைகளாலும்...

பிசியோ ஓடிவந்து துணியை எடுத்தாள். துணிக்கு அடியில் காதுவரை கண்ணீர் வழிந்திருந்தது.

வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது மகளின் முகம். வெளுத்துப் போயிருந்தது. ஆறு வயதில், பள்ளிக்கூட வாசலில் அவர் விரலை விடமாட்டேன் என்று அழுதபோதும் இப்படித்தான் வெளுத்திருந்தது. விட்டுடுங்க சார் என்று சொல்லத் தோன்றியது அவருக்கு. பெற்ற மனசு வேறெதைச் சொல்லும்? இமையை அடித்தார், அடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

“நா... நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்...” மகள் பின்வாங்கினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

“வாங்கம்மா, லிஃப்ட் ரிப்பேர். படியிலதான் இறங்கணும். பயப்படாதீங்க... நாங்க பின்னாடிதான் வருவோம். ஆனா, தள்ள மாட்டோம்!”